வண்டி போகாத சின்ன நிலம், புளிப்பு மண்ணு, சுண்ணாம்பு எப்படிப் போடுறது?

புதுக்காடு:
வணக்கம். என்கிட்ட இருக்குறது பத்து சென்ட் நிலம், சரிவுல இருக்கு, கடைசி கொஞ்ச தூரம் ஒத்தையடிப் பாதைதான், டூ வீலர் கூட ஏறாது, எதுவா இருந்தாலும் தலைச்சுமையாத்தான் கொண்டு போகணும். மண் டெஸ்ட்ல பிஎச் (மண்ணோட புளிப்பைக் காட்டுற எண்ணு, 7க்குக் கீழ குறையக் குறைய புளிப்பு கூடும்) 5.1னு வந்திருக்கு. களி கலந்த மண்ணு. பயறு விதைச்சா செடி வெளிறிப் போய் நிக்குது, பிடுங்கிப் பாத்தா வேர் குட்டையா தடிச்சுக் கெடக்கு, வேர் முடிச்சு ஒண்ணு கூட இல்ல. சுண்ணாம்பு போடச் சொல்றாங்க, ஆனா எங்க பாத்தாலும் டன் கணக்குலயே சொல்றாங்க. அத்தனையும் எப்படி மேல ஏத்துறது, மிஷின் இல்லாம கையால எப்படி சமமா தூவுறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மண்வெட்டி:
டன்னுங்குற வார்த்தையப் பாத்து மலைச்சுப் போயிடாதீங்க, அது ஹெக்டேர் கணக்கு. ஹெக்டேருக்கு 3 டன்னு சிபாரிசு வந்தா சதுர மீட்டருக்கு 300 கிராம்தான், பத்து சென்ட்னா சுமார் 405 சதுர மீட்டர், ஆக மொத்தம் 120 கிலோ. 12 கிலோ சுமையா பிரிச்சுட்டா பத்து நடை. ஆனா அந்த 3 டன் சும்மா உதாரணத்துக்குச் சொன்னது, பிஎச் மட்டும் வச்சு அளவு முடிவு பண்ணாதீங்க, ஒரே 5.1 மணல் மண்ணுல கொஞ்சம் சுண்ணாம்புலயே ஏறிடும், களியோ மக்கோ அதிகமா இருந்தா அதுக்கு ரெண்டு மூணு பங்கு கூட கேக்கும். டெஸ்ட் பண்ணின இடத்துலயே சுண்ணாம்புத் தேவை எவ்வளவுன்னு தனியா கேட்டு வாங்குங்க.

தூவுறதுக்கு: கயிறு கட்டி ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் கட்டம் போடுங்க. ஒரு டப்பால 600 கிராம் பொடி ஒரு தடவை எடை போட்டு, அது எங்க வந்து நிக்குதோ அங்க வெளிப்பக்கம் கோடு போட்டுக்கோங்க. கட்டத்துக்கு ஒரு டப்பா மேலிருந்து கீழ தூவிட்டு, எல்லாம் முடிஞ்சதும் இன்னொரு டப்பா குறுக்கு வாட்டத்துல. ஒரே வீச்சுல முழு அளவையும் போட்டீங்கன்னா திட்டுத் திட்டா விழும், கண்ணாலயே பாக்கலாம், இங்க வெள்ளை அங்க மண்ணு கலரு. காத்து இல்லாத காலை நேரம் நல்லது, குனிஞ்சு தரைக்குப் பக்கத்துல கைய வச்சுத் தூவுங்க.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது: பொடி எவ்வளவு நைசா இருக்குன்னு பாத்து வாங்குங்க. விரல்ல தேச்சா மாவு மாதிரி இருக்கணும். நறநறன்னு பருக்கையா இருந்தா அது கரைய வருஷக் கணக்காகும், அவ்வளவு பாடுபட்டு சுமந்துட்டுப் போய் கல்லைக் கொட்டின மாதிரிதான்.

வேரடி:
மேல சொன்னது எல்லாம் சரி. சுமை குறைக்கணும்னா நீத்துன சுண்ணாம்பு ஒரு வழி, சுத்தமான சரக்கா இருந்தா 100 கிலோ சுண்ணாம்புக்கல் பொடி செய்யுற வேலைய 74 கிலோவே செஞ்சிடும். சுட்ட சுண்ணாம்புக்கு 56 கிலோவே போதும். கணக்குல லாபமாத்தான் தெரியும்.

புதுக்காடு:
அப்போ சுட்ட சுண்ணாம்பே வாங்கிடலாமா? பாதி சுமைதானே.

மண்வெட்டி:
வேண்டாங்க, தயவு செஞ்சு வேண்டாம். சுட்ட சுண்ணாம்பு தண்ணி பட்டா கொதிக்கும், வேர்த்து நனைஞ்ச தோள்ல சாக்குல இருந்து கசிஞ்சா தோலு வெந்து போகும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. நீத்துன சுண்ணாம்பும் தோலை அரிக்கும், கிளவுஸ், கண்ணாடி, மாஸ்க் மூணும் இல்லாம தொடவே கூடாது. உங்க பாதைக்கு சுண்ணாம்புக்கல் பொடிதான் பாதுகாப்பு. ரிப்போர்ட்ல மெக்னீசியம் கம்மின்னு இருந்தா டோலமைட் பொடி, அது மெக்னீசியமும் சேந்த சுண்ணாம்புக்கல். சுமக்க முடியலன்னா பாதிய இந்தப் போகம், மீதிய அடுத்த போகம்னு பிரிச்சுப் போடுங்க, அதுல ஒரு நஷ்டமும் இல்ல. ஜிப்சத்தையும் சுண்ணாம்புன்னு நெனச்சு வாங்கிடாதீங்க, அது கால்சியம் கொடுக்கும், புளிப்பை எடுக்காது.

தழைச்சத்து:
யூரியா, அமோனியம் உரம், பச்சை சாணம் இதோட எல்லாம் சேத்துப் போடாதீங்க, தழைச்சத்து அமோனியாவா காத்துல போயிடும், ரெண்டு மூணு வாரமாவது இடைவெளி விடுங்க. தூவின அன்னைக்கே மேல் 15 சென்டிமீட்டர் கொத்திக் கலந்து விட்டுடுங்க, சரிவு நிலம் வேற, ஒரு கன மழை வந்தா அப்படியே அடிச்சுட்டுப் போயிடும். மண்ணு லேசா ஈரமா இருந்தாத்தான் வேலை செய்யும்.

புதுக்காடு:
பத்து சென்டும் ஒரே ஆளா கொத்த முடியாதே. மேலாப்புல தூவி விட்டா மழைல எறங்காதா?

தழைச்சத்து:
எறங்கும், ஆனா ரொம்ப மெதுவா, வருஷத்துக்கு சில சென்டிமீட்டர்தான். உங்க பயறு வேர் குட்டையா தடிச்சு இருக்குறது அலுமினியத்தாலயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், பிஎச் 5.5க்குக் கீழ போனா அது கரைஞ்சு வேர் நுனியப் பிடிச்சுக்கும், அப்போ வேர் இருக்குற ஆழத்துக்கு சுண்ணாம்பு போயே ஆகணும். அதனால முழு நிலத்தையும் கொத்தாதீங்க, பாத்தி போடுற இடத்த மட்டும் கொத்துங்க. நடக்குற வழி, வரப்போரம் எதுக்கு வீணா? பாத்தி பாதி இடம்னா சுமையும் பாதியாயிடும். ஆனா சதுர மீட்டருக்கு உள்ள அளவ கூட்டிடாதீங்க, அதிகமாப் போனா துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு எல்லாம் செடிக்குக் கிடைக்காம போயிடும்.

வேரடி:
பயறுக்கு இன்னொரு வழியும் இருக்கு, சுமையே கிடையாது. விதைல பசை தடவி ரைசோபியம் (வேர் முடிச்சு உண்டாக்குற பாக்டீரியா) கலந்து, அது ஈரமா இருக்கும்போதே நைசான சுண்ணாம்புக்கல் பொடில உருட்டி எடுங்க, ஒவ்வொரு விதையும் தனித்தனியா வெள்ளையா உதிரணும். முளைக்கிற எடத்துல மட்டும் புளிப்பு குறையும், பாக்டீரியா பிழைச்சுக்கும், முடிச்சு விழ ஆரம்பிக்கும். நீத்துன சுண்ணாம்புல மட்டும் இத செஞ்சுடாதீங்க, அதோட காரம் பாக்டீரியாவக் கொன்னுடும். மண்ணுக்குப் போட வேண்டியத இது ஈடு கட்டாது, ரெண்டையும் சேத்தே செய்யுங்க. பாத்திக்குப் பொடி போட்டு ஆறு மாசமாவது கழிச்சு அதே ஆழத்துல மண்ணெடுத்து பிஎச் பாருங்க, 6 பக்கத்துல வந்துட்டா அடுத்த பாதிய அப்புறம் யோசிக்கலாம்.