ஆபரேஷனா, மெஷினா? காது டெஸ்ட் அனுபவங்கள்

தண்டையார்பேட்டை மருமகள்:
இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காது மந்தமானது. வேடிக்கை என்னவென்றால், எம்.சி. ரோடு தீபாவளிக் கூட்டத்தில் ஜவுளிக் கடைக்காரர் சொல்லும் விலை தெளிவாகக் கேட்கும். வீட்டில் மாமியார் கூப்பிட்டால் கேட்காது. "வேண்டியது மட்டும் கேட்குது" என்று பெயர் வாங்கினேன். முதலில் பார்த்த டாக்டர் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். அடுத்தவர்தான் இசைக்கவையை (தட்டினால் ரீங்கரிக்கும் உலோகக் கவை) தட்டி, காதுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் எலும்பில் ஒருமுறை வைத்தார். எலும்பில் வைத்தபோதுதான் நன்றாகக் கேட்டது. உள்காதில் கோளாறு இல்லை, ஒலி போகிற வழியில்தான் தடை என்றார். நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகளில் கடைசி எலும்பு, சுமார் 3 மி.மீ. உயரம்தான், அசையாமல் இறுகிவிட்டது. இந்த நோய்க்குப் பெயர் ஓட்டோஸ்க்ளீரோசிஸ். கூட்டத்தில் கேட்டதற்கும் அதுதான் காரணம்: சுற்றுச் சத்தம் எனக்குக் குறைவாகவே எட்டும், பேசுகிறவர்களோ அங்கே கத்திப் பேசுவார்கள். இதை மாமியார் எதிரில் ஒருமுறை சொல்லச் சொன்னேன்!

மரத்துப்போக ஊசி போட்டு, அந்த எலும்பின் மேல்பகுதியை எடுத்துவிட்டு டெஃப்லான் பிஸ்டன் (அதிர்வை உள்ளே கடத்தும் குட்டித் தண்டு) வைத்தார்கள். 1956-ல் ஜான் ஷே என்ற அமெரிக்க டாக்டர் ஆரம்பித்துவைத்த வழி. மேஜையிலேயே டாக்டர் பேசியது பளிச்சென்று கேட்டது. அப்புறம் கொஞ்ச நாள் தலைசுற்றல்.

வியாசர்பாடி லேத்:
நீ கொடுத்துவைத்தவம்மா. எனக்கு ஆபரேஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆடியோகிராமில் (எந்தச் சுருதிச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற சத்தங்கள் இருக்கும் இடத்தில், கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. பட்டறைச் சத்தம் செய்த வேலை. மகள் ஆடியோலஜி (செவித்திறன் பற்றிய படிப்பு) படிக்கிறாள், அவள் சொன்னது: உள்காதின் வெளிவரிசை மயிர்செல்கள் நீண்டு சுருங்கி மெல்லிய சத்தத்தைப் பெருக்கும். பிரௌனெல் குழுவினர் 1985-ல் அந்த அசைவைக் காட்டினார்கள். அவை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைக்காது. அதனால்தான் மெதுவாகப் பேசினால் எனக்கு விழாது, கத்தினால் காது கூசும். எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றுகிற மலிவு காது மெஷினை வாங்கிவிடாதீர்கள். ஆடியோகிராமைப் பார்த்து செட் பண்ணித் தருகிறவரிடம் போங்கள்.

ராயபுரம் புது அப்பா:
அண்ணே, எங்கள் பாப்பாவுக்கும் அதே செல்களைத்தான் சோதித்தார்கள். தூங்கும்போது காதில் சின்ன முனையைச் செருகிச் சத்தம் விட்டார்கள். நல்ல காது பதிலுக்குத் தானே ஒரு மெல்லிய ஒலியை வெளியே அனுப்புமாம்! 1978-ல் டேவிட் கெம்ப் கண்டது. முதல்முறை 'ரெஃபர்' (பாஸ் இல்லை, மறுபடி சோதிக்க வேண்டும்) என்று வந்ததும் வீடே அழுதது. பிறந்த ஈரம் காதில் இருந்தாலும் அப்படி வருமாம். மறுபடி செய்தபோது பாஸ். பயப்பட வேண்டாம், ஆனால் மறு டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

தண்டையார்பேட்டை மருமகள்:
லேத் அண்ணே, பட்டறையில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களா? இருந்தால் மெஷினுக்கு அங்கே கேட்டுப் பாருங்கள்.