குரூப் போட்டோவில் தாத்தாவைச் சேர்த்தால் நிறம் ஒட்டவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். கல்யாண குரூப் போட்டோ ஒன்று, காலையில் மரநிழலில் எடுத்தது. வர முடியாத தாத்தாவை வேறு படத்திலிருந்து வெட்டிச் சேர்க்க வேண்டும். அவர் படம் வீட்டுக்குள் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த ஜேபெக். ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூலத் தகவல்) கிடையாது. போட்டோஷாப்பில் மேட்ச் கலர் (ஒரு படத்தின் நிறத்தை இன்னொன்றுக்குப் பொருத்தும் வசதி) போட்டால் முகம் பச்சையடிக்கிறது. ஹியூ சாச்சுரேஷனில் மஞ்சளைக் குறைத்தால் வேட்டி சாம்பலாகி, முகம் மட்டும் செங்கல் நிறத்தில் நிற்கிறது. எங்கே தப்பு?

பதில் 1:
மேட்ச் கலர் மூலப்படம் (இங்கே குரூப் போட்டோ) முழுவதன் சராசரி நிறத்தை எடுத்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் மரம், புல் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்வதால்தான் பச்சை. குண்டு பல்பின் சாயமோ வெறும் மஞ்சள் பகுதியில் மட்டும் இல்லை, எல்லா நிறத்திலும் ஏறியிருக்கிறது. அதனால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலையும் தனித்தனியே திருத்த வேண்டும்.

முகத்தை முகத்தோடு ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் தோல் நிறம் தாத்தாவுக்கு வந்துவிடும், ஆளே மாறிப்போவார். இரண்டு படத்திலும் வெள்ளை வேட்டி இருந்தால் அதுதான் சரியான அளவுகோல்.

ஐட்ராப்பரை (நிறத்தை அளக்கும் கருவி) 5×5 பிக்சல் சராசரியில் வைத்து இரண்டு வேட்டியிலும் வெளிச்சமான ஓரிடம், மடிப்பு நிழலில் ஓரிடம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சேனலும் உச்ச அளவான 255-ஐத் தொட்ட இடம் வேண்டாம். அங்கே தகவல் அழிந்துபோயிருக்கும். உதாரணத்துக்கு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், வெளிச்சத்தில் தாத்தாவின் வேட்டி 236, 221, 190. குரூப் படத்தில் 214, 220, 231. நிழலில் அவருக்கு 104, 90, 68. அங்கே 92, 99, 114.

தாத்தா லேயருக்கு மேல் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (நிற அளவுகளை வளைகோட்டால் மாற்றும் அடுக்கு) போட்டு, கன்ட்ரோல்+ஆல்ட்+ஜி அழுத்தி அவருக்கு மட்டும் கிளிப் செய்யுங்கள். சிவப்புச் சேனலில் இரண்டு புள்ளி: இன்புட் 236, அவுட்புட் 214, இன்புட் 104, அவுட்புட் 92. பச்சையில் 221-க்கு 220, 90-க்கு 99. நீலத்தில் 190-க்கு 231, 68-க்கு 114. ஒரு புள்ளி மட்டும் வைத்தால் வேட்டி சரியாகும், தலைமுடியும் மடிப்பும் பழுப்பாகவே இருக்கும். மரநிழலில் வானத்தின் நீலம் விழுவதால் அங்கே நிழல் குளிர்ந்த நிறம். நிழலுக்கென்று தனிப் புள்ளி கேட்பது அதற்காகத்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வேட்டியும் முகமும் பொருந்திவிட்டன. ஆனால் தோளோரத்தில் ஆரஞ்சு கோடு தெரிகிறது, கறுப்புக் கண்ணாடி ஃபிரேமில் நீலப் புள்ளிகள் மினுக்குகின்றன.

பதில் 2:
கோடு, பழைய அறைச் சுவரின் நிறம் ஓரப் பிக்சல்களில் கலந்திருப்பது. கர்வ்ஸுக்கு மேல் காலி லேயர் ஒன்றை அதேபோல் கிளிப் செய்து, மோடை 'கலர்' ஆக்குங்கள். ஓரத்தை ஒட்டியுள்ள பின்னணி நிறத்தை எடுத்து, மெல்லிய பிரஷ்ஷில் 30 சதவீத ஒபாசிட்டியில் ஓரத்தை மட்டும் தடவினால் போதும்.

நீலப் புள்ளி நாய்ஸ், அதாவது படத்தில் வரும் இரைச்சல். குண்டு பல்பில் நீல ஒளி குறைவு. அந்தச் சேனலில் இருந்த கொஞ்சத்தை 68-லிருந்து 114-க்கு இழுத்ததால் இரைச்சலும் சேர்ந்து ஏறிவிட்டது. கேமரா ரா ஃபில்டரில் கலர் நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தாத்தா லேயரில் மட்டும் கொடுங்கள். முதலில் அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (ஃபில்டரைப் பிறகும் திருத்த விடும் லேயர்) ஆக்கிவிட்டால் பிறகு அளவை மாற்றிக்கொள்ளலாம்.

பதில் 1:
அனுப்புவதற்கு முன் இரண்டு சோதனை. எல்லாவற்றுக்கும் மேல் 50 சதவீதச் சாம்பல் லேயர் வையுங்கள். மோடு 'கலர்' என்றால் வெளிச்ச அளவு மட்டும் தெரியும். தாத்தா தனியாக இருட்டாகவோ வெளிறியோ நின்றால் உடனே கண்ணில் படும். 'லுமினாசிட்டி' என்றால் நிறம் மட்டும் தெரியும்; மிச்சமிருக்கும் மஞ்சள் அங்கே ஒளிய முடியாது. பார்த்ததும் அந்த லேயரை அணைத்துவிடுங்கள்.

புல் தரை என்றால் வேட்டியின் கீழ் விளிம்பில் லேசான பச்சை ஏறியிருக்கும். அருகில் நிற்பவர் வேட்டியைப் பார்த்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் அதே அளவு சேர்த்துவிடுங்கள்.