விஎல்சியில் கேமரா படம் வருகிறது, ஹோம் அசிஸ்டன்ட் மட்டும் "பாஸ்வேர்டு தவறு" என்கிறது. என்ன செய்யலாம்?

தேனிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மூன்று வைஃபை கேமரா இருக்கிறது. வாசலில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று. ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில், வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. வீட்டுப் படம் வெளியே எந்த சர்வருக்கும் போகக்கூடாது என்று வாசல், பின்கட்டு கேமராக்களுக்கு ரவுட்டரில் இன்டர்நெட்டை அடைத்து வைத்திருக்கிறேன். பல மாதமாக ஒரு தொல்லையும் இல்லை.

போன வாரம் ராத்திரி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது, இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்த இரண்டு கேமராவும் ஆன்விஃப் (பல கம்பெனி கேமராக்களுக்கும் பொதுவான தொடர்பு முறை) வழியாக ஹோம் அசிஸ்டன்ட்டில் சேரவில்லை. யூசர் நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு என்று வருகிறது. பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. அதே பாஸ்வேர்டை வைத்து லேப்டாப்பில் விஎல்சி வீடியோ பிளேயருக்குக் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரி (நேரலைப் படம் வரும் முகவரி) கொடுத்தால் படம் பளிச்சென்று ஓடுகிறது!

மாடி கேமரா தனிக் கதை. புதிது, இன்டர்நெட் அடைக்கவில்லை, கம்பெனி ஆப்பில் நன்றாக வருகிறது. ஆனால் ஹோம் அசிஸ்டன்ட் தேடும்போது பட்டியலிலேயே காணோம்.

கடையில் கேட்டால் மூன்றையும் ரீசெட் பண்ணச் சொல்கிறார்கள். வாசல் கேமராவுக்கு ஏணி போட்டு ஏற வேண்டும். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ஈரோடு ஒயரிங்:
ரீசெட் கடைசி வைத்தியம். இப்போதைக்கு ஏணியைத் தொடாதீர்கள் தம்பி.

முதலில் ஒன்று. ஆப்பில் படம் வருவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கம்பெனி சர்வர் வழியாக ஆப் சுற்றிப் போய்க்கூட கேமராவைப் பிடித்துவிடும். நீங்கள் பஸ்ஸில் போகும்போதும் படம் தெரிகிறதல்லவா, அதே வழிதான். ஹோம் அசிஸ்டன்ட் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே நேராகக் கேமராவிடம் போகிறது. அந்த வழி திறந்திருக்கிறதா என்பதை ஆப் சொல்லாது, பிங்கும் (அந்த முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) விஎல்சியும்தான் சொல்லும்.

மூன்று கேமரா, ராஸ்பெரி பை, எல்லாவற்றின் ஐபி முகவரியும் போடுங்கள். வீட்டில் ரவுட்டர் ஒன்றா, இரண்டா?

பாஸ்வேர்டில் @ அல்லது # இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். ஆர்டிஎஸ்பி முகவரியில் பாஸ்வேர்டு எங்கே முடிகிறது என்று காட்டுவதே அந்த @ தான். பாஸ்வேர்டுக்குள்ளும் ஒன்று இருந்தால் மென்பொருள் குழம்பிவிடும். @ இருந்தால் %40 என்றும் # இருந்தால் %23 என்றும் எழுத வேண்டும். உங்களுக்கு விஎல்சியில் வருவதால் இதுவாக இருக்காது, இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இன்னொன்று. சோதனை முடியும்வரை அந்த இரண்டு கேமராவையும் ஹோம் அசிஸ்டன்ட்டில் முடக்கி வையுங்கள். தவறான உள்நுழைவு அடுத்தடுத்து வந்தால் சில கேமராக்கள் அந்த ஐபியையே கொஞ்ச நேரம் பூட்டிவிடும். பிறகு சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் உள்ளே விடாது. எந்தக் கோளாறு எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

டெக்மச்சான்:
ப்ரோ எதுக்கு இவ்வளவு கஷ்டம்? எல்லாத்தையும் வித்துட்டு, மேட்டர்னு ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கு ஒரு பொதுத் தரம் இருக்கே, அந்தக் கேமரா வாங்குங்க, முடிஞ்சுது.

ஈரோடு ஒயரிங்:
மேட்டர் தரத்தில் கேமரா சேர்ந்ததே 2025 நவம்பரில் வந்த 1.5 பதிப்பில்தான் மச்சான். அவர் சுவரில் இருப்பதை ஓட வைப்போம், விற்பதை அப்புறம் பார்க்கலாம்.

தேனிக்காரன்:
நன்றி அண்ணே. பை 192.168.0.10, வாசல் 192.168.0.21, பின்கட்டு 192.168.0.22, மாடி 192.168.1.34. பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் மட்டும்தான்.

ஃபைபர்காரர்கள் மாட்டிய பெட்டி மாடிப்படி பக்கம் இருக்கிறது. அதிலிருந்து ஒயர் இழுத்து ஹாலில் என் சொந்த ரவுட்டர். மாடிக்கு ஃபைபர் பெட்டியின் வைஃபைதான் எட்டுகிறது.

ஈரோடு ஒயரிங்:
மாடி கேமரா ஏன் பட்டியலில் இல்லை என்பதற்குப் பதில் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. மற்றதெல்லாம் 192.168.0, அது மட்டும் 192.168.1. ஃபைபர் பெட்டி ஒரு நெட்வொர்க், அதன் பின்னால் உங்கள் ரவுட்டர் இன்னொரு நெட்வொர்க். நான் போகும் வீடுகளில் பாதியில் இப்படித்தான் இருக்கிறது.

ஆன்விஃப் கேமராவைத் தேடும்போது 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, யுடிபி 3702 போர்ட்டில் (போர்ட் என்பது முகவரிக்குள் ஒரு கதவு எண் மாதிரி), யார் யார் இருக்கிறீர்கள் என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அந்தக் குரலை வீட்டு ரவுட்டர் அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. கேமரா காதில் விழவே இல்லை, பிறகு எப்படிப் பதில் சொல்லும்?

ஆனால் பை உள்பக்கம் இருப்பதால் வெளிப்பக்க முகவரிக்கு நேராகப் போக முடியும். அதனால் தேட விடாமல் ஐபியைக் கையால் போட்டுச் சேருங்கள். ஆன்விஃப் போர்ட் கேமராவுக்குக் கேமரா மாறும். 80 இல்லையென்றால் 8000, 8899 பாருங்கள், டிபி-லிங்கின் டாப்போ கேமரா என்றால் 2020. டாப்போவில் இன்னொரு விஷயம், ஆப்புக்குள் நுழையும் கணக்கு இங்கே செல்லாது. கேமரா செட்டிங்ஸில் கேமரா அக்கவுண்ட் என்று தனியாக ஒன்று உருவாக்க வேண்டும்.

உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் வைக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றி எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க் ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள். செய்யலாம், ஆனால் இன்டர்நெட்டை அடைத்து வைத்திருப்பது அதே ரவுட்டர்தானே? முறை மாறினால் அந்த அடைப்பும் போய்விடும், கேமரா ஐபிகளும் மாறும். யோசித்துச் செய்யுங்கள்.

கீழ்வானம்:
வாசல், பின்கட்டு பற்றி ஒரே ஒரு கேள்வி. விஎல்சியில் படம் ஓடும்போது மூலையில் என்ன தேதி காட்டுகிறது?

தேனிக்காரன்:
அக்கா, இரண்டிலும் 1970 ஜனவரி!!

மாடி கேமரா ஐபியைக் கையால் போட்டதும் சேர்ந்துவிட்டது. போர்ட் 8000. நன்றி அண்ணே.

கீழ்வானம்:
அப்படியானால் உங்கள் பாஸ்வேர்டு சரி, கேமராவின் கடிகாரம்தான் தவறு.

ஆன்விஃப் உள்நுழைவில் பாஸ்வேர்டை அப்படியே அனுப்புவதில்லை. ஒரு தற்செயல் எண், அனுப்பும் நேரம், பாஸ்வேர்டு மூன்றையும் கலந்து ஷா-1 என்ற கணக்கு முறையில் ஒரு சுருக்கம் செய்து அனுப்பும். நேரத்தையும் கூடவே அனுப்பும். யாராவது பழைய செய்தியைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்பி உள்ளே நுழையக்கூடாது என்பதற்காக, வந்த நேரத்தைக் கேமரா தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதன் கணக்கில் இப்போது 1970, உங்கள் பை இந்த வருடத்துத் தேதியோடு வந்து நிற்கிறது. உடனே மறுத்துவிடும். மறுக்கும்போது நேரம் சரியில்லை என்று சொல்லாமல் பாஸ்வேர்டு தவறு என்கிற மாதிரிச் சொல்வதுதான் எரிச்சல். ஆர்டிஎஸ்பி உள்நுழைவில் கடிகாரத்துக்கு வேலையே இல்லை, அதனால்தான் விஎல்சி ஓடுகிறது.

இந்த மாதிரி வைஃபை கேமராக்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நேரம் அழிந்துவிடும், திரும்பி வந்ததும் என்டிபி என்ற நேரம் கேட்கும் முறை மூலம் இன்டர்நெட்டில் கேட்டுக்கொள்ளும். நீங்கள் அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். இத்தனை மாதம் இன்வெர்ட்டர் காப்பாற்றியிருக்கிறது.

ஹோம் அசிஸ்டன்ட்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், லாக் (நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் பக்கம்) போய்ப் பாருங்கள். கேமராவின் நேரமும் சிஸ்டத்தின் நேரமும் வேறுபடுகின்றன, உள்நுழைவில் சிக்கல் வரலாம் என்று ஒரு எச்சரிக்கை இருக்கும். ஐந்து விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே அதை எழுதிவிடும்.

இப்போதைக்குக் கேமராவின் வெப் பக்கத்தில் போய் நேரத்தைக் கையால் வையுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் பையிலேயே க்ரோனி என்ற, மற்ற கருவிகளுக்கு நேரம் சொல்லும் ஆட்-ஆனைப் போட்டு, கேமராவின் என்டிபி சர்வர் இடத்தில் 192.168.0.10 கொடுங்கள். நேரம் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும், இன்டர்நெட் அடைப்பும் அப்படியே இருக்கும். ரவுட்டரில் என்டிபி போகும் யுடிபி 123 போர்ட்டை மட்டும் திறந்துவிடலாம் என்பார்கள். ஆனால் கேமராவில் என்டிபி சர்வர் பெயராகக் கொடுத்திருந்தால் டிஎன்எஸ்ஸும் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) திறக்க வேண்டி வரலாம். நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

தேனிக்காரன்:
லாக்கில் அந்த எச்சரிக்கை அடுக்கடுக்காக இருக்கிறது. நேரம் வைத்ததும் பின்கட்டு உடனே சேர்ந்தது. வாசல் இன்னும் அதே பாட்டுத்தான். படத்தில் இப்போது தேதி, மணி இரண்டும் சரியாக இருக்கிறது. அப்புறம் என்ன?

கீழ்வானம்:
டைம் ஸோன் என்ன என்று பாருங்கள். ஆன்விஃப் ஒப்பிடுவது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை. படத்தில் தெரியும் மணி சரியாக இருந்தும் ஸோன் தவறாக இருந்தால் கேமராவின் யுடிசி தவறாகத்தான் இருக்கும். சீனத்திலிருந்து வருபவை பெரும்பாலும் +8-இல் இருக்கும், நமக்கு +5:30. அந்த இரண்டரை மணி நேரமே போதும், கேமரா கதவைச் சாத்திவிடும்.

தேனிக்காரன்:
+8 தான்! மாற்றி நேரத்தை மறுபடி வைத்தேன், வாசல் வந்துவிட்டது. கடைக்காரர் மாட்டிய நாளிலிருந்து அந்தக் கேமரா இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடியதன் காரணமும் இப்போது புரிகிறது. க்ரோனியும் போட்டாயிற்று.

ஒரு சின்னச் சந்தேகம். வாசல் படம் விஎல்சியில் வருகிறது, பிரவுசரில் கறுப்பாக இருக்கிறது.

ஈரோடு ஒயரிங்:
ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் இருக்கும். பிரவுசரையும் கணினியையும் பொறுத்து அது ஒத்துவராமல் போகலாம். கேமராவில் சப் ஸ்ட்ரீமை (தரம் குறைந்த இரண்டாவது படம்) பழைய ஹெச்.264-க்கு மாற்றி அதைத் திரையில் காட்டுங்கள், பதிவுக்கு மெயின் ஸ்ட்ரீம் ஹெச்.265-இலேயே இருக்கட்டும், இடம் மிச்சம்.

கீழ்வானம்:
பை 4-இலும் பேட்டரிக் கடிகாரம் இல்லை, அதுவும் நேரத்தை இன்டர்நெட்டில்தான் கேட்கும். பை 5-இல் அந்தக் கடிகாரச் சுற்று உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். அதனால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பை மூன்றையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள்.

காவிரிக்கரை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் வீட்டில் என்விஆர் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), நான்கு கேமராவும் அதன் பின்னாலுள்ள போர்ட்டிலேயே நேராகச் சொருகியிருக்கிறது. ஒன்றைக்கூட ஹோம் அசிஸ்டன்ட்டிலிருந்து பிங் செய்ய முடியவில்லை.

ஈரோடு ஒயரிங்:
முடியாதுதான். அந்த போர்ட்டுகளுக்கு என்விஆர் தனக்குள் தனி நெட்வொர்க் வைத்திருக்கும். கேமராவை விட்டுவிடுங்கள், என்விஆரின் ஐபியையே ஆர்டிஎஸ்பி முகவரியில் கொடுங்கள். ஹிக்விஷன் வகையென்றால் முகவரியின் கடைசியில் 101 முதல் கேமராவின் மெயின், 102 அதன் சப், 201 இரண்டாவது கேமரா, இப்படிப் போகும். புதிய ஃபர்ம்வேரில் ஆன்விஃப் அணைந்தே வரும். நெட்வொர்க் செட்டிங்ஸில் இன்டக்ரேஷன் புரோட்டோகால் என்ற இடத்தில் அதை இயக்கி, ஆன்விஃபுக்கென்று தனி யூசர் உருவாக்குங்கள். அட்மின் பாஸ்வேர்டு அங்கே எடுக்காது.