துரொம்சோவில் முதலாவது இருள்காலம்: புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்குச் சில ஆலோசனைகள்

துரொம்சோவிலுள்ள நோர்வேயின் ஆர்க்டிக் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஆண்டு கலாநிதிப் பட்ட ஆய்வுக்கும் முதுமாணிப் படிப்புக்குமாக வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமார் சிலர் வீடு, வங்கி, வரி அட்டை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்கான விடை சுருக்கமானது. கடவுச்சீட்டையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்தில் நேரில் அடையாளத்தை உறுதிப்படுத்துங்கள். தேசிய அடையாள எண் கிடைத்ததும் குடும்ப வைத்தியர் ஒருவரை இணையத்தில் தெரிவுசெய்யுங்கள். வங்கிக் கணக்கு முதலான மற்றவை அந்த எண்ணைத் தொடர்ந்து ஒவ்வொன்றாக வரும். சூரியன் தெரியாத மாதங்களை எப்படிக் கடப்பது என்ற கேள்விக்குத்தான் நீண்ட விடை தேவை. அந்த விடையின் பெரும்பகுதியை நீங்கள் படிக்க வந்திருக்கும் பல்கலைக்கழகமே அரை நூற்றாண்டாகத் தேடி எழுதி வைத்திருக்கிறது என்பதால், யாரோ சொன்ன கதைகளைக் கேட்டுப் பயப்படுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1968 இல் நோர்வே நாடாளுமன்றம் தீர்மானித்து, 1972 இல் கற்பித்தலைத் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. வடக்கே வேலைக்கு வர வைத்தியர்கள் விரும்பாததால் அவர்களை வடக்கிலேயே பயிற்றுவிக்க வேண்டும் என்பது இது நிறுவப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. அதனால், இங்கு வாழும் மனிதருக்கு இந்தக் குளிரும் ஒளியும் இருளும் என்ன செய்கின்றன என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே இதன் ஆய்வுகளின் நடுவில் இருந்து வந்திருக்கிறது.

நகரம் வட அகலாங்கு 69 பாகையைத் தாண்டி அமைந்திருக்கிறது. நவம்பர் 27 அளவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே சென்றால் ஜனவரி 15 அளவில்தான் மேலே வருகிறது. மலைகள் மறைப்பதால் நகரத்தில் அதைக் கண்ணால் காண ஜனவரி 21 வரை பொறுத்திருக்க வேண்டும். பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கிறோம், ஆனால் சூரியன் ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது. வருகின்ற அன்று உள்ளூர் மக்கள் ஜாம் வைத்த பணிஸ் வாங்கி உண்டு கொண்டாடுகிறார்கள், நாமும் சேர்ந்துகொள்ளலாம். இருள்காலம் என்றால் நாள் முழுவதும் கும்மிருட்டு என்று எண்ண வேண்டாம்; நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலநிறமான மங்கல் வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் ஆய்வுகூடத்துக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே நடந்துவிட்டு வருவதை ஒரு கடமையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு 2012 இல் வெளியானது. துரொம்சோவிலும் கானாவின் தலைநகர் அக்ராவிலும் தலா 200 பேரை ஜனவரியில் சேர்த்து, ஓகஸ்டில் மீண்டும் விசாரித்தார்கள். அக்ரா நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை தொலைவில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணமும் சென்னையும் அதைவிடச் சற்று வடக்கே இருந்தாலும், பகல் நீளம் பெரிதாக மாறாத ஊர்கள் என்ற வகையில் அதே பக்கத்தைச் சேர்ந்தவைதான். அக்ராவில் பருவத்துக்குப் பருவம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தெரியவில்லை. துரொம்சோவிலோ குளிர்காலத்தில் மக்கள் பிந்திப் படுத்துப் பிந்தி எழுந்தார்கள், படுத்த பின் நித்திரை வர நேரமெடுத்தது, பகலில் களைப்பு மிகுந்தது, மனச்சோர்வும் ஓரளவு கூடியது. ஆனால் உறங்கிய மொத்த நேரம் குறையவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. புதிதாக வருவோர் டிசம்பரில் நித்திரை வராதபோது தமக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டதென்று பதறுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், காலை வெளிச்சம் இல்லாததால் உடலின் கடிகாரம் பிந்திப்போகிறது, அவ்வளவுதான்.

அதே பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர்கள் துருவ மான்களைப் பற்றிக் கண்டறிந்ததை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். முழு இருளும் முழு வெளிச்சமுமான காலங்களில் அந்த மான்கள் 24 மணி நேர ஒழுங்கையே கைவிட்டு, பசித்தபோது மேய்ந்து களைத்தபோது படுக்கின்றன என்று 2005 இல் காட்டினார்கள். கண்ணின் பின்புறத்திலுள்ள ஒளி தெறிக்கும் படலம் கோடையில் பொன்னிறமாகவும் குளிர்காலத்தில் நீலமாகவும் மாறுகிறது என்பதை 2013 இல் இலண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்டார்கள். மானுக்கு அந்த ஏற்பாடு உண்டு, நமக்கு இல்லை. நேரத்தை நாமே வெளியிலிருந்து உடலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே, எந்த மணிக்குப் படுத்தாலும் ஒரே மணிக்கு எழும்புங்கள், சனி ஞாயிறு உட்பட. எழுந்தவுடன் வீட்டின் எல்லா விளக்குகளையும் போடுங்கள். முடிந்தால் 10,000 லக்ஸ் ஒளிதரும் விளக்கொன்றை வாங்கி அதன் முன்னிருந்து காலையுணவை உண்ணுங்கள். இருள்கால நித்திரையின்மைக்குப் பிரகாசமான செயற்கை ஒளியைச் சிகிச்சையாகச் சோதித்த ஆய்வு இந்நகரிலிருந்து 1985 இலேயே வெளிவந்தது. மே 20 அளவில் தொடங்கி ஜூலை 22 வரை சூரியன் மறையாத காலத்துக்கு இதற்கு நேரெதிரான ஏற்பாடு தேவை: வெளிச்சம் புகாத தடித்த திரைச்சீலை. வாடகை வீட்டில் அது இல்லையென்றால் ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள்.

பல்லாண்டு இங்கு வாழ்ந்தவர்களுக்கு இருள் பழகிவிடுமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நகர மக்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து பரிசோதித்துவரும் ‘துரொம்சோ ஆய்வின்’ தரவுகளைக் கொண்டு 2012 இல் வெளியான கட்டுரையொன்று, குளிர்காலத்தில் நித்திரைக் குறைபாடு கூடுகிறது, ஆனால் மனவுளைச்சல் பருவத்துக்கேற்ப மாறவில்லை என்று முடிவுரைத்தது. குளிர்காலத்தை விரும்பி எதிர்கொள்வோர் தெற்கைவிட வடக்கில் அதிகம் என்றும் இன்னோர் ஆய்வு சொல்கிறது. அது உண்மையாக இருக்கலாம். விரும்பாதவர்கள் ஏற்கெனவே ஒஸ்லோவுக்குப் போயிருக்கவும் கூடும் என்பது என் ஐயம்.

துரொம்சோ ஆய்வு என்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வட நோர்வேயின் ஆண்கள் மாரடைப்பால் பெருமளவில் இறந்துகொண்டிருந்ததால் 1974 இல் தொடங்கப்பட்ட இந்தத் தொடராய்வு, நகர மக்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைத்துக் குருதி, இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றைப் பரிசோதிக்கிறது. 2015–16 இல் நடந்த ஏழாவது சுற்றில் 40 வயதுக்கு மேற்பட்ட 21,083 பேர் பங்கெடுத்தார்கள். நல்ல கொழுப்பு என்று நாம் இன்று அழைக்கும் எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு இதயநோய் வருவது கூடுதல் என்பதை 1977 இல் எடுத்துக்காட்டியவர்கள் இவர்களே. தெற்காசியரிடம் இந்த எச்.டி.எல். குறைவாகவே காணப்படுவது வழக்கம் என்பதால் அந்தக் கண்டுபிடிப்பு நம் வீட்டுக் கதையும்கூட. 

கோப்பி விடயமும் இதே ஆய்வில்தான் வந்தது. 14,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, கோப்பி கூடக் குடிப்போருக்குக் கொலஸ்ட்ரோலும் கூடுகிறது என்று 1983 இல் அறிவித்தபோது யாருக்கும் காரணம் விளங்கவில்லை. 1988 இல் விடை கிடைத்தது: தூளை நீரில் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே ஊற்றிக் குடிக்கும் வட நோர்வேப் பழக்கமே காரணம். கோப்பியிலுள்ள எண்ணெய்ப் பொருட்களைக் கடதாசி வடி பிடித்துக்கொள்கிறது, கொதிக்கவைத்த கோப்பியில் அவை குவளைக்கே வந்துவிடுகின்றன. ஏழாவது சுற்றின் தரவுகள் எஸ்பிரெசோ நாளுக்கு மூன்று முதல் ஐந்து கோப்பை குடிப்போருக்கும், குறிப்பாக ஆண்களுக்கு, கொலஸ்ட்ரோல் கூடுவதாகக் காட்டின. தமிழ்நாட்டிலிருந்து பித்தளை வடிகட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அதில் கடதாசி இல்லை என்பதை நினைவில் கொள்ளலாம். காலையில் ஒன்று குடிப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரவு ஏழு மணிக்கு ஆய்வுகூடத்தில் குடிக்கும் நான்காவது கோப்பையைத்தான் சொல்கிறேன்; டிசம்பரில் அது நித்திரையையும் கெடுக்கும்.

அடுத்தது விற்றமின் டி. குளிர்காலம் முழுவதும் இந்த அகலாங்கில் வெயிலிலிருந்து அது கிடைக்காது. கருமையான தோலுக்குக் கோடையிலும் குறைவாகவே கிடைக்கும். நோர்வேயில் வாழும் இலங்கையரையும் இலங்கையில் வாழ்வோரையும் ஒப்பிட்டு 2008 இல் வெளியான ஆய்வில், இங்கிருப்போரின் குருதியில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் இங்கே பரிந்துரைக்கப்படும் அளவு, ஒரு தேக்கரண்டி மீனெண்ணெயில் அது இருக்கிறது. மரக்கறி உணவு உண்போர் அதற்கேற்ற குளிசையை மருந்தகத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் நீரிழிவு வராமல் தடுக்கும் என்று நினைத்துப் பெரிய அளவில் விழுங்க வேண்டாம். நீரிழிவின் விளிம்பில் நின்ற 511 பேருக்கு இதே நகரில் ஐந்து ஆண்டுகள் வாரந்தோறும் 20,000 அலகு விற்றமினையோ போலிக் குளிசையையோ கொடுத்துப் பார்த்தார்கள்; 2016 இல் வெளியான முடிவின்படி, நீரிழிவுக்கு ஆளாவதில் இரு குழுவினருக்கும் பொருட்படுத்தக்க வேறுபாடு இல்லை. குடும்ப வைத்தியரை முதன்முறை காணும்போது விற்றமின் டி, நீண்டகாலச் சர்க்கரை அளவு, கொலஸ்ட்ரோல் மூன்றையும் சேர்த்துப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

இறுதியாக, துணைவியோ துணைவரோ உடன் வந்திருப்பவர்களுக்கு. 1980களில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வந்த நம் மக்களிடையே தங்கியிருந்து மானிடவியலாளர் ஒருவர் எழுதியதில், வைத்தியர்களால் காரணம் காண முடியாத உடல்வலியும் களைப்பும் பக்கம் பக்கமாக வருகின்றன. அவர் அதை உறவுகள் இல்லாத வாழ்க்கையோடு தொடர்புபடுத்தினார். நீங்கள் பகலில் சக ஆய்வாளர்களோடு இருக்கிறீர்கள். வீட்டிலிருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே நோர்வே மொழி வகுப்பில் அவரை நவம்பருக்கு முன்பே சேர்த்துவிடுங்கள், சப்பாத்தில் மாட்டும் பனிமுள்ளையும் ஒளி தெறிக்கும் பட்டியையும் அவருக்கும் வாங்கிக்கொடுங்கள். கடல் நீரோட்டத்தால் இங்கு குளிர் நீங்கள் அஞ்சுமளவுக்கு இல்லை. ஆனால் பனி உருகி மீண்டும் உறைந்து தெருக்கள் கண்ணாடியாகிவிடும்போது, விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே வீட்டை விட்டு வெளிக்கிடாதவர்கள் பலர்.