வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிய பிறகு கருத்துக் கேட்பு எதற்கு?

அடம்பங்கொடி:

பாதுகாக்கப்பட்ட கடற்கரை நிலத்துக்கு மேலாண்மைத் திட்டம் எழுதும்போது மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் சட்டம். எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள் என்பதைத்தான் இங்கே விவாதிக்க விரும்புகிறேன்.

நான் போயிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றில் சுவர் முழுக்க ஒரு வரைபடம் தொங்கியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலங்கள் பிரிக்கப்பட்டு, வண்ணமும் தீட்டி முடித்திருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் எழுந்து போய் காயலின் முகத்துவாரத்தில் விரலை வைத்தார். "வாய் இங்கே இல்லை. வடக்கே நகர்ந்து நாலு வருடம் ஆகிறது" என்றார். "இது செயற்கைக்கோள் படம், அம்மா" என்று பதில் வந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. "எந்த மாதத்துப் படம்?" என்று கேட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த மூவருக்கும் தெரியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு நான் அருகில் போய்ப் பார்த்தேன். மூலையில் பொடி எழுத்தில் இருந்த தேதி, முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும் பருவத்துக்குரியது.

இறுதித் திட்டத்தில் முகத்துவாரம் பழைய இடத்திலேயே இருந்தது. "பொதுமக்களின் கருத்துகள் பதிவு செய்யப்பட்டன" என்று ஒரே ஒரு வரி. அந்த அம்மா சொன்னது சரியா தவறா என்று கூட யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பது பற்றி 1998இல் கையெழுத்தான ஆர்ஹூஸ் உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: எல்லா வழிகளும் திறந்திருக்கும் தொடக்கத்திலேயே மக்களை அழைக்க வேண்டும். வரைவு முடிந்த பிறகு அழைப்பது சடங்கு. அந்தச் சடங்குக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

உப்புக்கொத்தி:

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் கரையில் கூடுகளை எண்ணும் வேலை செய்தவன். எனக்கு வேறு கவலை இருக்கிறது.

உப்புக்கொத்தி என்ற கரைப்பறவையின் கூடு என்பது மணலில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். முட்டை மணல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. ஒரு வண்டிச் சக்கரம் போதும். மக்களின் வேண்டுகோளை ஏற்று வேலியை முப்பது அடி பின்னால் தள்ளிய கரை ஒன்றில் அடுத்த பருவத்தில் நடந்தேன். முதல் வாரத்திலேயே சக்கரத் தடத்துக்குள் நசுங்கிய ஓடுகளைப் பார்த்தேன்.

அமெரிக்காவின் கேப் ஹாட்டெராஸ் தேசியக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சி நிலங்களில் சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று அதிபரின் ஆணை வந்தது 1972இல். ஹாட்டெராஸில் பல பத்தாண்டுகள் முறையான விதி இல்லை. 2007இல் வழக்கு. அதன் பிறகு வண்டி வைத்திருப்போர், மீன்பிடிப்போர், வணிகர்கள், பறவை ஆர்வலர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசினார்கள். ஓராண்டுக்கு மேல் பேசியும் 2009 வரை உடன்பாடு வரவில்லை. கடைசியில் 2012இல் அரசுதான் விதி வகுத்தது. அதிலும் பறவைகளுக்கு விட வேண்டிய இடைவெளியைத் திருத்தச் சொல்லி 2014இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது.

பேச்சு நீள நீள இழப்பது யார் என்று பாருங்கள். பறவைக்கும் ஆமைக்கும் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. நிலத்தைப் பாதுகாப்பதா வேண்டாமா என்பது கையை உயர்த்தி முடிவு செய்யும் விஷயம் இல்லை.

ஓதம்:

இருவரும் "மக்கள்" என்று ஒரே சொல்லால் எல்லோரையும் சுருட்டிவிட்டீர்கள். கடலைப் பார்த்தபடி வீடு கட்டிக்கொண்டவரும் மக்கள். விடியலில் சிப்பி பொறுக்குகிறவரும் மக்கள். கூட்டம் வேலைநாளில் பகல் பதினொரு மணிக்கு. ஆவணம் முந்நூறு பக்கம். இந்த இரண்டு பேரில் யார் வருவார், யார் வழக்கறிஞரோடு வருவார்?

ஹாட்டெராஸ் மேசையைப் பற்றிச் சொன்னீர்கள், உப்புக்கொத்தி. வழக்கு வந்த பிறகு, ஆளுக்கு ஆள் பகை முற்றிய பிறகு கூட்டப்பட்ட மேசை அது. ஒழுங்குமுறை வேண்டும் என்று சொல்லி முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. அத்தனை ஆண்டுகளில் மணலில் வண்டி ஓட்டுவது உரிமை என்றே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அது மக்களை அழைத்ததால் வந்த தோல்வி என்கிறீர்கள். காலம் கடந்து அழைத்ததால் வந்த தோல்வி என்கிறேன் நான்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக விவரித்தார். அடிப்படியில் மக்களை ஏமாற்றித் தலையாட்ட வைப்பது. உச்சிப்படியில் முடிவே மக்கள் கையில். "கருத்துக் கேட்பு" நாலாவது படி. கேட்பார்கள், ஆனால் கேட்டதை மதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம் பார்க்கிற கூட்டங்கள் அந்தப் படியிலேயே நின்றுவிடுகின்றன.

வரைவாளர்:

இத்தகைய திட்டங்களை எழுதும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன், அதனால் மனம் விட்டுச் சொல்கிறேன்.

அறுபது நாள் கெடுவுக்குள் கட்டுக்கட்டாக ஆட்சேபணை மனுக்கள் வரும். பெரும்பாலானவை ஒரே கடிதத்தின் நகல், கீழே கையெழுத்து மட்டும் மாறியிருக்கும். உண்மையிலேயே புதிய தகவல் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மனுக்கள் அந்தக் கட்டில் புதைந்துபோகும். அவற்றைத் தேடி எடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அந்த அம்மாவின் விரலுக்கு நேர்ந்தது அதுதான். ஆணவம் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளூர் அறிவு எப்போதும் ஒரே குரலில் பேசுவதில்லை. ஒரே கரையில் வலை இழுக்கும் இரண்டு பேரிடம் மணல்திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டேன். இரண்டு பதில் வந்தது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் இடத்திலிருந்து பார்த்ததை நேர்மையாகத்தான் சொன்னார்கள். அளந்து பார்க்காமல் எதை வரைவது?

அடம்பங்கொடி:

அளந்து பார்க்கத்தானே சொல்கிறேன், ஐயா. அந்த அம்மா கேட்டதும் அதைத்தான்.

மனுக்கள் அதிகம் என்பதைக் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பூங்காவின் மண்டலங்களை மாற்றி வகுக்கும் திட்டம் எழுதியபோது முதல் சுற்றில் பத்தாயிரத்துக்கு மேல், வரைவு வெளியான பிறகு 21,000க்கு மேல் மனுக்கள் வந்தன. அத்தனையையும் வகை பிரித்துப் படித்தார்கள், எல்லைக்கோடுகளைப் பல இடங்களில் மாற்றினார்கள். மாற்றியதால் பாதுகாப்பு நீர்த்துப்போயிற்றா? மீன்பிடிப்புக்கு முற்றிலும் மூடப்பட்ட பரப்பு ஏறத்தாழ 4.5 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்ந்தது. அந்தத் திட்டம் 2004 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. முதல் சுற்று வரைவுக்கு முன்பே நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

உப்புக்கொத்தி:

அதே எடுத்துக்காட்டை வைத்தே பதில் சொல்கிறேன். அங்கே அறிவியல் குழு முதலில் அடித்தளத்தைப் போட்டது. பூங்காவை 70 உயிரியல் வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதமாவது மூடப்பட வேண்டும் என்று வகுத்தது. மக்களிடம் போனபோது பேசியது எந்த 20 சதவீதம் என்பதைப் பற்றி. மூடுவதா இல்லையா என்பதைப் பற்றி அல்ல. தவிர, பாதிக்கப்பட்ட மீனவர்களுக்கும் தொழில்களுக்கும் 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் உதவித்தொகை கொடுக்க நேர்ந்தது. அந்தப் பணம் இல்லாத நாடு என்ன செய்யும்?

ஓதம்:

இந்தப் பதிலை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. எது பேச்சுக்கு உட்பட்டது, எது உட்பட்டதல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுவது. எல்லாம் திறந்திருப்பதுபோல் கூப்பிட்டுவிட்டு, உள்ளே ஒன்றுமே திறக்காமல் வைத்திருப்பதுதான் மக்களைப் புண்படுத்துகிறது.

ஆனால் பணம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸில் இரண்டு சிறு தீவுகள் இருக்கின்றன. கடல் என்றாலும் கரை என்றாலும் காவல் விஷயத்தில் வேறுபாடில்லை என்பதால் சொல்கிறேன். சுமிலோன் தீவில் 1974இல் ஒரு பல்கலைக்கழகத்தின் முயற்சியால் மீன்பிடிப்பு தடை செய்யப்பட்ட பகுதி உருவானது. பத்தாண்டுகள் நன்றாக நடந்தது. 1984இல் உள்ளூர் அரசியல் மாறியது, தடை காற்றில் பறந்தது, வலைகள் உள்ளே வந்தன. ஒன்றரை ஆண்டில் அந்தத் தீவைச் சுற்றிப் பிடிபடும் மீனின் அளவு பாதிக்கும் கீழே போயிற்று. ஆப்போ தீவில் அதே பல்கலைக்கழகத்தார் வேறு வழியில் போனார்கள். தீவு மக்களோடு சில ஆண்டுகள் உட்கார்ந்து பேசினார்கள். 1982இல் தங்கள் கரையோரத்தில் எந்தத் துண்டை மூடுவது என்று மக்களே தேர்ந்தெடுத்தார்கள். காவலும் அவர்களே. அது நிலைத்தது.

இரவு இரண்டு மணிக்குக் கரையில் இருப்பது யார்? அந்தக் கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லையென்றால், 20 சதவீதம் என்று எழுதினாலும் 50 என்று எழுதினாலும் காகிதம்தான்.

வரைவாளர்:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. கரை நகர்கிறது. கடல் மட்டம் உயர்கிறது. பத்தாண்டுக்கு என்று கோடு போட்டால் ஐந்தாவது ஆண்டில் அந்தக் கோடு தண்ணீருக்குள் இருக்கும்.

இங்கிலாந்தின் தென்கரையில் மெட்மெரி என்ற இடத்தில் கூழாங்கல் அணையை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கட்டிக் கட்டிக் களைத்தார்கள். 2008இல் அதையும் உடைத்துக்கொண்டு கடல் புகுந்தது. கரையை விட்டுக்கொடுத்துப் பின்வாங்கலாம் என்ற யோசனைக்கு முதலில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு உள்ளூர்க்காரர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு அமைத்து, அவர்களோடு சேர்ந்து வடிவமைத்தார்கள். உள்ளே தள்ளி ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய கரை எழுப்பி, 2013இல் பழைய அணையைத் தாங்களே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். இன்று அங்கே உவர் சதுப்பு வளர்ந்திருக்கிறது.

சொந்த ஊரின் அணையை உடைக்கச் சம்மதிப்பது ஒரு பிற்பகல் கூட்டத்தில் நடக்கிற காரியம் இல்லை. நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு குழுவுக்கு ஒருமுறையாவது முயன்றிருக்கலாம். முயலவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

உப்புக்கொத்தி:

வரைவாளர் ஐயா, இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி.

என் நிலையில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். கூடு கட்டும் பருவத்தில் எந்தக் கரையை மூடுவது என்பதை இனியும் வாக்கெடுப்புக்கு விடச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பாதையைத் திறந்துவைத்தால் யாரும் வேலியைத் தாண்ட வேண்டியிருக்காது என்பதை வேலி போடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நான் சொன்ன அந்தக் கரையில் மக்கள் வேலியைத் தள்ளச் சொன்னதே தண்ணீருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை நாங்கள் அடைத்துவிட்டதால்தான். எங்கள் வரைபடத்தில் அந்தப் பாதையே இல்லை.

அடம்பங்கொடி:

அந்தப் பாதை இப்போது எப்படி இருக்கிறது?

உப்புக்கொத்தி:

போன பருவத்தில் திறந்துவிட்டோம். இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறோம். கயிற்றிலிருந்து பதினோரு அடி தள்ளி ஒரு கூடு இருந்தது, மூன்று முட்டை. பாதையில் நடப்பவர்களில் ஒருவர்தான் முதலில் பார்த்து எங்களுக்குச் சொன்னார்.