அம்மாவுக்கு வீட்டிலேயே ஆள் வைப்பதா, முதியோர் குடியிருப்பா?

கேள்வி:
அம்மாவுக்கு 81 வயது, தனியாக இருக்கிறார். போன மாதம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து, எழ முடியாமல் விடியும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார், போன் கட்டில்மேல். எலும்பு முறியவில்லை. வீட்டிலேயே ஆள் வைக்கலாம் என்கிறான் தம்பி. உதவியாளர்கள் இருக்கும் குடியிருப்புதான் பாதுகாப்பு என்று எனக்குப் படுகிறது. அம்மாவோ "என்னை எங்கேயும் கொண்டுபோய் விட்டுடாதீங்க" என்று முடித்துவிட்டார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது, இந்த 6-ல் எதற்கெல்லாம் கை கொடுக்க வேண்டியிருக்கிறது? 1963-ல் வந்த காட்ஸ் அளவுகோல் இதைத்தான் பார்க்கிறது. ஓரிரண்டுக்கு மட்டும் என்றால் பகலில் சில மணி நேரம் ஆள் வந்தால் போதும். ராத்திரியும் துணை வேண்டுமென்றால் கணக்கே வேறு. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருவர் 48 மணி நேரம் பார்த்தாலும் 4 பேர் தேவை, அதில் ஒருவர் வராத அன்று நீங்கள்தான் ஆள்.

பதில் 2:
அப்பாவுக்கு மறதிநோய். பொழுது சாய்ந்தால் பதற்றம் வந்துவிடும், "வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு சொந்த வீட்டு வாசலிலேயே நிற்பார். 3 வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தோம், தூக்கமில்லாமல் நானே படுத்துவிட்டேன். அப்புறம் ஒரு குடியிருப்பில் சேர்த்தோம், 8 மாதத்தில் "இனி எங்களால் முடியாது, நர்சிங் பராமரிப்பு உள்ள இடம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சேர்க்கும் முன்பே கேளுங்கள்: எந்த நிலை வந்தால் அனுப்பிவிடுவீர்கள், ராத்திரி டூட்டியில் எத்தனை பேர்?

பதில் 3:
அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது இல்லையா? அப்படியானால் முடிவு அவருடையது, உங்களுடையதோ தம்பியுடையதோ இல்லை. கைப்பிடி, ராத்திரி விளக்கு, கழுத்தில் போடும் அவசர பட்டன், இவற்றை இன்றைக்கே செய்யுங்கள். விழுந்ததற்கு மாத்திரை காரணமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தலைசுற்ற வைக்கலாம். சில குடியிருப்புகளில் ஓரிரு வாரம் தங்கிப் பார்க்க விடுவார்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று யாராவது கேட்டீர்களா?

கேள்வி கேட்டவர்:
நேற்று கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் எதுவுமே பேசவில்லை. அப்புறம், "அங்க என் ரூம் கதவை நானே தாழ் போட்டுக்கலாமா?" என்றார். சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஓர் இடம் பார்க்கப் போகிறோம், முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன். கைப்பிடி மாட்ட ஆள் நாளைக்கு வருகிறார்.