கை நீட்டாத வீட்டில் பிடிஎஸ்டி வருமா?

வைகறை:
"அடி உதை இல்லாத வீட்ல பிடிஎஸ்டி வராது, அது வெறும் மனவருத்தம்" என்று தராசு நேற்று இன்னொரு இழையில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பிடிஎஸ்டி என்றால் பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநோய். அதன் இன்னொரு வடிவமான சிக்கலான பிடிஎஸ்டி, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் 6பி41 என்ற எண்ணில் தனி நோயாகவே இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தாயிற்று.

தராசு:
மனநோய்க் கையேடு டிஎஸ்எம்-5 எடுத்து, என்ன மாதிரி சம்பவத்தால பிடிஎஸ்டி வரும்னு சொல்ற 'ஏ' விதியைப் படிங்க. உயிராபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை. மாமியார் வாயால திட்டறது இதுல எங்க இருக்கு?

வைகறை:
டிஎஸ்எம் அமெரிக்கப் புத்தகம். ஐசிடியில் தப்பிக்க வழியில்லாமல் திரும்பத் திரும்ப நடப்பதும் சேர்த்தி. பத்து வருஷம் "உனக்கு என்ன தெரியும்" என்ற ஏச்சு வாங்கியவருக்குப் பழைய காட்சி கண்முன் ஓட வேண்டியதில்லை. வாசலில் சாவிச் சத்தம் போதும், நெஞ்சு படபடக்கும். கடை பில்லை ஒளித்து வைப்பார். எதற்கெடுத்தாலும் முதலில் மன்னிப்பு. ஏசிய ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் இது நிற்காது.

தராசு:
ஐசிடியும் 'மிகக் கொடிய அச்சுறுத்தல்'னுதான் ஆரம்பிக்குது. அந்த வரியை மட்டும் விழுங்கிட்டீங்க.

மிளகு:
இதைத்தானே மனச்சிதைவும்பாங்க?

வைகறை:
மனச்சிதைவு ஸ்கிசோஃப்ரினியா. தெரியாத சொல்லைத் தூக்கி வீசாதீர்கள்.

மிளகு:
வாத்தியார் வந்துட்டார். போன மாசம் ஸ்ட்ரெஸ்ஸையும் டிப்ரஷனையும் 'மன அழுத்தம்'னு ஒரே சட்டியில போட்டுக் கிண்டினது யாராம்?

நெய்தல்:
2005 குடும்ப வன்முறைச் சட்டம் 3ஆம் பிரிவைப் பாருங்கள். வாய்வழி, மனவழிக் கொடுமையும் வன்முறைதான். 12ஆம் பிரிவில் மனுப் போட உடம்பில் காயம் தேவையில்லை.

தராசு:
நோயை மாஜிஸ்திரேட்டா கண்டுபிடிப்பாரு? 'ஏ' விதிக்குப் பதில் வரல.

வைகறை:
ஐசிடி-11படி பிடிஎஸ்டியை அளக்கும் ஐடிக்யூ கேள்வித்தாளில் 18 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. 2க்கு மேல் வந்தால்... சரி, 2 வந்தாலே கணக்கு. மறுபடி அனுபவித்தல், தவிர்த்தல், ஓயாத உஷார், உணர்ச்சி கட்டுமீறல், 'நான் உதவாதவள்' என்ற எண்ணம், உறவில் ஒட்டாமை. இந்த ஆறில் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியாவது தேற வேண்டும், அன்றாட வாழ்க்கையும் கெட்டிருக்க வேண்டும். கிளினிக்கில் "அடிச்சாரா?" என்று ஒரே கேள்வி. "இல்லை" என்றதும் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை. மாதக்கணக்கில் போட்டால் பழகிவிடும், சட்டென்று நிறுத்தினால் பதற்றம் முன்னைவிட ஏறும். அதே வீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பும் தூக்கமும் முதலில், பழசைக் கிளறுவது அப்புறம்.

தராசு:
அந்தக் கட்டம் கட்டமான முறைக்கே இப்ப எதிர்ப்பு இருக்கு. அப்புறம், உங்க தாளே முதல்ல என்ன சம்பவம்னு கேக்குது. "மாமியார் முறைத்தார்"னு எழுதுங்க.

வைகறை:
முறைத்தார் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள்.

மிளகு:
மன அழுத்தத்துக்கு இன்னும் பதில் வரலையே சார்.